மீண்டும் அழைக்கப்பட்ட குரல்

முதல் தடவை வருபவனைக் கடையின் விளக்கு அழைத்து வரும். மறு தடவை வருபவனைச் சரக்குத்தான் அழைத்து வரும். கடை வைத்திருக்கும் எவரும் அறிந்த உண்மை இது. அரிசிக்கும் துணிக்கும் பொருந்தும் இந்த விதி, கைக்குச் சிக்காத, கண்ணுக்குத் தெரியாத, காற்றிலே பிறந்து காற்றிலே கரைந்துவிடும் குரலுக்கும் பொருந்துமா?

பொருந்தும் என்று வரலாறு சொல்கிறது. அதோடு நில்லாமல் இன்னொன்றையும் சொல்கிறது. மறுமுறை அழைக்கப்படுவது ஒரு வெற்றி. மறுமுறை அழைக்கப்படும்போது, அழைக்கப்படுபவன் மனிதனா அல்லது அவன் தொண்டை மட்டுமா என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குத் திறமை போதும். பின்னதற்குப் பெயர் வேண்டும். பெயருக்கும் மேலாக உரிமை வேண்டும்.

அமெரிக்க நாட்டில் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் கொடுத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஒருவரின் கதையில் இந்த மூன்று படிகளையும் பார்க்கலாம். அவர் பெயர் மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி என்ற முயலும், டாஃபி என்ற வாத்தும், போர்க்கி என்ற பன்றியும் உலகெங்கும் குழந்தைகளைச் சிரிக்க வைத்தனவே, அவற்றின் குரல் அவருடையது.

பிளாங்க் 1908-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் வளர்ந்தார். அவர் குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் ‘வெற்று’ என்று பொருள். “பெயரைப் போலவே நீயும் வெற்றாகத்தான் போவாய்” என்ற கருத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் இகழ்ந்தாராம். அதனால்தான் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். மாணவனின் நெற்றியில் எதிர்காலத்தை எழுதிவிடும் ஆசிரியர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலும்! ஆனால் நெற்றியில் எழுதியதை நாவினால் அழித்துக் காட்டினார் அந்த மாணவர்.

எப்படி அழித்தார்? பிறவியிலேயே கிடைத்த வரம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் வரலாறு காட்டும் காரணம் வேறு. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய மக்கள் வாழ்ந்த ஊரில், அண்டை அயலாரின் பேச்சை அவர் கூர்ந்து கேட்டார். ஒவ்வொருவர் நாக்கும் எந்தச் சொல்லில் தடுக்கிற்று, எந்தச் சொல்லில் நீண்டது என்று கவனித்தார். பின்னர் 1933-இல் போர்ட்லாந்து வானொலி நிலையம் ஒன்றில் மனைவி எஸ்டெல்லோடு சேர்ந்து நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார். கதையில் ஆட்கள் பலர். ஆனால் வேறு நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க நிலையத்தார் முன்வரவில்லை. ஆகவே கிழவன், குமரன், கடைக்காரன், கள்வன் எல்லாரும் அந்த ஒருவர் தொண்டையிலிருந்தே புறப்பட வேண்டியதாயிற்று. முதலாளியின் சிக்கனம் தொழிலாளிக்குப் பள்ளிக்கூடமானது. அந்தப் பள்ளியில் கட்டணம் அதிகம். ஊதியம் ஒருவனுக்கு, உழைப்போ ஒரு கூட்டத்துக்கு!

அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். வார்னர் நிறுவனத்துக்காக லியான் ஷ்லெசிங்கர் என்பவர் நடத்திவந்த கார்ட்டூன் படக்கூடத்தின் கதவை அவர் பலமுறை தட்டினார். “எங்களுக்குத் தேவையான குரல்கள் இருக்கின்றன” என்ற விடையே திரும்பத் திரும்பக் கிடைத்தது. அவ்வாறு விடை சொல்லிவந்தவர் மறைந்து, அவரிடத்துக்கு வேறொருவர் வந்த பிறகே கதவு திறந்தது. 1937-இல் வெளிவந்த ஒரு படத்தில், குடிபோதையில் தள்ளாடும் காளைக்குக் குரல் கொடுத்தார். அதுதான் தொடக்கம்.

இந்த இடத்தில் இன்னொரு மனிதரையும் நாம் நினைக்க வேண்டும். வரலாறு அவரை ஓர் ஓரத்தில்தான் வைத்திருக்கிறது. அவர் பெயர் ஜோ டகர்ட்டி. 1935-இல் போர்க்கி என்னும் பன்றி திரைக்கு வந்தபோது அதற்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். போர்க்கி திக்கித் திக்கிப் பேசும். டகர்ட்டிக்கு உண்மையிலேயே திக்குவாய். அந்தக் குறையே அவருக்கு வேலை வாங்கித் தந்தது. அந்தக் குறையே வேலையைப் பறிக்கவும் செய்தது. அவர் பேச்சு எங்கே தடைப்படும், எப்போது விடுபடும் என்பது அவர் கையில் இல்லை. ஒரு வரியைப் பதிவு செய்ய நேரம் நீண்டது. நேரம் நீளச் செலவும் நீண்டது. 1937-இல் அவரை விடுவித்துவிட்டுப் பிளாங்கை அமர்த்தினார்கள். வேண்டிய இடத்தில் திக்கி, வேண்டாத இடத்தில் திக்காமல், குறித்த நொடிக்குள் பேசி முடித்தார் பிளாங்க்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று தொழிலின் பாடம். விளைவைத் தன் ஆணைக்குள் வைத்திருப்பவனையே மறுபடி அழைப்பார்கள். நேற்றுப் பேசிய அதே குரலை இன்றும் பேச வேண்டும். அடுத்த ஆண்டும் பேச வேண்டும். இயக்குநர் “இன்னும் அரை நொடி குறைவாக” என்றால் அரை நொடி குறைய வேண்டும். மற்றொன்று மனிதப் பாடம். உண்மைத் திக்குவாயனுக்கு இல்லாத இடம், திக்குவதாக நடித்தவருக்குக் கிடைத்தது. பிளாங்க் மீது இதில் குற்றமில்லை. ஆயினும் ஒருவர் பெற்ற வாடிக்கையின் அடியில் இன்னொருவர் இழந்த வாடிக்கை கிடக்கிறது என்பதை மறந்துவிட்டு வெற்றிக் கதை பேசுவது நமக்கு அழகல்ல.

திறமையின் படியில் பிளாங்க் எப்படி நிலைத்தார் என்பதை வானொலியிலே காணலாம். ஜாக் பென்னி என்பவர் அந்நாளில் அமெரிக்காவின் புகழ்மிக்க நகைச்சுவை நடிகர். அவருடைய வானொலி நிகழ்ச்சியில் 1939-இல் பிளாங்க் சேர்ந்தார். கிடைத்த பாத்திரம் என்ன? ஒரு கரடி! வசனம் கிடையாது, உறுமல் மட்டும்தான். மாதக்கணக்கில் உறுமிய பிறகு, “எனக்குப் பேசவும் தெரியும்” என்று பென்னியிடம் சொன்னதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். உறுமலையே ஒழுங்காக உறுமியவன் கேட்டதால் அந்தக் கோரிக்கைக்கு மதிப்பு இருந்தது. பிறகு இரயில் நிலைய அறிவிப்பாளராகவும், பென்னிக்கு வயலின் கற்பிக்கும் ஆசிரியராகவும் அவர் அந்த நிகழ்ச்சியில் பேசினார்.

இன்னொரு நாள். பென்னியின் பழைய மோட்டார் வண்டி இருமிக் குலுங்கிப் புறப்படும் ஓசைக்காக ஒலித்தட்டு வைத்திருந்தார்கள். நிகழ்ச்சி நேரடியாக ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கும்போது அந்தத் தட்டு வேலை செய்யவில்லை. பிளாங்க் ஒலிவாங்கியின் முன் பாய்ந்தார். தும்மினார், இருமினார், குமுறினார், சீறினார், வண்டி புறப்பட்டுவிட்டது! அன்று முதல் அந்த வண்டிக்கும் அவரே குரல். அழைத்தவனின் நெருக்கடியைத் தன் நெருக்கடியாகக் கருதுபவனை யார் விடுவார்கள்? வானொலியில் தொடங்கிய அந்தத் தொடர்பு, தொலைக்காட்சியில் பென்னியின் நிகழ்ச்சி 1965-இல் முடியும் வரை நீடித்தது. கரடியாக நுழைந்தவர் கால் நூற்றாண்டு உடனிருந்தார்.

படக்கூடத்திலும் அதே ஒழுங்குதான். 1940-இல் பக்ஸ் பன்னி தன் முழு உருவோடு திரையில் தோன்றியது. அந்த முயல் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசும். வேறு காய்களைக் கடித்துப் பார்த்தார்களாம். கேரட்டின் ஓசை எதிலும் கிடைக்கவில்லை. ஆனால் கேரட்டை மென்று விழுங்கும் வரை அடுத்த வரியைப் பேச முடியாது. எனவே கடித்தவுடன் துப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். சிரிப்பதற்குரிய செய்தியாக இது தோன்றலாம். சிரித்துவிட்டுச் சிந்தித்தால், ஒரு தொழிலாளி தன் நேரத்தையும் பிறர் நேரத்தையும் எவ்வளவு கணக்காகப் பார்த்தார் என்பது விளங்கும்.

இந்த உழைப்பின் எடை எவ்வளவு என்பதை 1961-ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு சனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் நெடுஞ்சாலையில் அவருடைய வண்டி மற்றொரு வண்டியோடு நேருக்கு நேர் மோதியது. கால்கள் முறிந்தன, மண்டை ஓடு பிளந்தது, வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். பெயர் சொல்லி அழைத்தால் பதில் இல்லை. ஒரு நாள் மருத்துவர், “பக்ஸ் பன்னி, இன்று எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டார். முயலின் குரலில் விடை வந்தது!

இதை அதிசயம் என்பாரும் உண்டு. அற்புதம் என்று கும்பிடுவாரும் இருப்பர். இரண்டும் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் பழகிய பழக்கம், நினைவு தவறிய நிலையிலும் மூளையின் ஏதோ ஓர் அறையில் விழித்திருந்தது. அற்புதம் என்று எதையேனும் சொல்லத்தான் வேண்டுமென்றால், அந்த இருபது ஆண்டு உழைப்பைச் சொல்லுங்கள்.

அப்போது ‘பிளிண்ட்ஸ்டோன்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் பார்னி என்ற பாத்திரத்துக்கு அவர் குரல் கொடுத்துவந்தார். சில பகுதிகளுக்கு டாஸ் பட்லர் என்ற குரல் நடிகர் அவருக்காகப் பேசினார். பிறகு தயாரிப்பாளர்கள் பதிவுக் கருவிகளைப் பிளாங்கின் வீட்டுக்கே கொண்டு சென்றார்கள். உடல் முழுதும் மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் மேல் ஒலிவாங்கி தொங்கியது. மற்ற நடிகர்கள் படுக்கையைச் சுற்றி அமர்ந்து பேசினார்கள். அன்று கதவைத் தட்டியவர் அவர். இன்று அவர் கதவைத் தட்டியது படக்கூடம்.

திறமைக்குக் கிடைத்த வெற்றி இது. ஆனால் திறமையிருந்த எல்லாருக்கும் இது கிடைத்ததா? இங்கேதான் இரண்டாவது படி வருகிறது.

1937-இல் வால்ட் டிஸ்னி வெளியிட்ட ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் நாயகிக்குக் குரல் தந்த பெண் அட்ரியானா காசலாட்டி. பேச்சும் அவருடையது, பாட்டும் அவருடையது. அவர் பெற்ற மொத்த ஊதியம் 970 டாலர். படத்திலோ அவர் பெயர் இல்லை. ஜாக் பென்னி தம் வானொலி நிகழ்ச்சிக்கு அந்தப் பெண்ணை அழைக்க விரும்பினாராம். ஸ்னோ ஒயிட்டின் மாயை கலைந்துவிடும் என்று டிஸ்னி மறுத்துவிட்டதாகக் காசலாட்டி பின்னாளில் கூறினார். 1939-இல் ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஒரே ஒரு வரி பேசினார், அங்கும் பெயரில்லை. பெரிய நடிகையாகும் வாய்ப்பு அவருக்கு வரவில்லை. உலகம் கேட்ட குரல். ஊருக்குத் தெரியாத பெயர். இளவரசிக்கு உயிர் கொடுத்தவளை இளவரசியின் நிழலுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள். மாயை யாருக்கு லாபம்? கலைந்தால் யாருக்கு நட்டம்? இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு அந்நாளில் அந்த இளம்பெண்ணுக்கு எப்படி வரும்?

பிளாங்க் அந்தக் கேள்வியை வேறு வடிவில் கேட்டார். ஊதியத்தை உயர்த்துமாறு ஷ்லெசிங்கரிடம் கோரினார். மறுப்பே விடை. “பணம் இல்லையென்றால், படத்தில் என் பெயரையாவது போடுங்கள்” என்றார். பெயருக்குக் காசு செலவில்லை அல்லவா? முதலாளி இசைந்தார். 1944 முதல் வார்னர் கார்ட்டூன் படங்களின் தொடக்கத்தில், குரல் அமைத்தவர் மெல் பிளாங்க் என்ற எழுத்துகள் தோன்றலாயின.

செலவில்லை என்று முதலாளி நினைத்துக் கொடுத்தது, பிளாங்கிற்குச் சொத்தாயிற்று. இந்தக் குரலுக்கு உரியவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்ததும், வானொலியில் ஒன்றன்பின் ஒன்றாக அழைப்புகள் வந்தன. 1946-இல் அவர் பெயரிலேயே ஒரு வானொலி நிகழ்ச்சி தொடங்கிற்று. பெயர் தெரியாவிட்டால் வாடிக்கையாளன் எங்கே தேடிப் போவான்? முகவரி இல்லாத கடைக்குச் சரக்கு எவ்வளவு நல்லதாயிருந்தும் பயன் என்ன?

ஆனால், தோழர்களே, இந்தக் கதையை இங்கேயே நிறுத்திக் கைதட்டினால் பாதி உண்மையைத்தான் பேசியவராவோம். அந்தப் படங்களில் பேசியவர் பிளாங்க் மட்டுமல்லர். முயலைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மரின் குரல் ஆர்தர் கியூ. பிரையன் என்பவருடையது, 1959-இல் இறக்கும் வரை அவர் அந்தக் குரலைத் தந்தார். பெண் பாத்திரங்கள் பலவற்றுக்குப் பேசியவர் பீ பெனடெரட் என்ற நடிகை. இவர்களும் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டவர்களே. ஆயினும் எல்மராகப் பேசிய பிரையனின் பெயர் திரையில் வந்ததில்லை. பெனடெரட்டின் பெயரும் இல்லை. ஒரே ஒரு பெயரைப் பார்த்த மக்கள், எல்லாக் குரலும் அந்த ஒருவர் குரலே என்று எண்ணினார்கள். தனி ஒருவர் கேட்டு வாங்கிய மதிப்பு, தனி ஒருவரோடே நின்றது. 1960-இல் ‘பிளிண்ட்ஸ்டோன்ஸ்’ தொடங்கியபோது பிளாங்கின் பார்னிக்கு மனைவியாகப் பேசியவர் அதே பெனடெரட்தான். அங்கே அவர் பெயரும் போடப்பட்டது. போட முடியும் என்பதற்கு அதுவே சான்று. முன்பு போடாததற்கு இடமின்மை காரணமல்ல, மனமின்மையே காரணம்.

மூன்றாவது படி உரிமை. இதில் பிளாங்கே இடறினார்.

1940-இல் வால்டர் லான்ட்ஸ் என்பவரின் படக்கூடத்தில் ‘வூடி’ என்ற மரங்கொத்திக்கு முதன்முதல் குரல் கொடுத்தவர் பிளாங்க். அந்தப் பறவையின் குறும்புச் சிரிப்பும் அவர் தொண்டையில் பிறந்ததே. அடுத்த ஆண்டு ஷ்லெசிங்கரோடு தனி ஒப்பந்தம் ஏற்பட்டதால் மரங்கொத்தியை விட்டு விலகினார். அவர் விலகினார், சிரிப்பு விலகவில்லை. பதிவாகியிருந்த அதே சிரிப்பை அடுத்தடுத்த படங்களில் பயன்படுத்தினார்கள். 1948-இல் அந்தச் சிரிப்பை வைத்து எழுந்த ஒரு பாட்டு நாடெங்கும் விற்பனையாயிற்று. பிளாங்க் வழக்குத் தொடுத்தார். சிரிப்புக்குச் சட்டப்படி உரிமை அவரிடம் இல்லையென்று நீதிமன்றம் கூறிவிட்டது. பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தொகை பேசி முடித்தார்கள்.

இதை எண்ணிப் பாருங்கள். குரலை மீண்டும் மீண்டும் அழைக்கிறான். குரலுக்கு உரியவனை அழைக்கவில்லை. வாடிக்கை நடக்கிறது, வணிகன் கடையில் இல்லை, கல்லாவில் காசும் விழவில்லை! ஒரு முறை விற்ற உழைப்பு எத்தனை முறைக்கு விற்கப்பட்டது என்பதை எழுதி வாங்காதவனின் நிலை இதுதான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1988-இல், சட்டம் ஓரடி முன்னேறிற்று. பாடகி பெட் மிட்லர் ஒரு மோட்டார் விளம்பரத்துக்குப் பாட மறுத்தார். விளம்பரக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவரோடு முன்பு துணைப் பாடகியாக இருந்த ஒருவரை அழைத்து, அவரைப் போலவே பாட வைத்தார்கள். புகழ்பெற்ற ஒருவரின் தனித்தன்மை வாய்ந்த குரலைச் சரக்கு விற்பதற்காகத் திட்டமிட்டுப் போலி செய்வது குற்றம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 4 இலட்சம் டாலர் இழப்பீடும் கிடைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு புகழ்பெற்றவருக்குக் குடை. பெயரே வெளிவராத குரல் நடிகன் மழையில்தான் நின்றான்.

இன்று மழை பெருமழையாகிவிட்டது. சில மணித்துளிப் பதிவைக் கொண்டு, ஒருவர் பேசாத சொற்களை அவர் குரலிலேயே பேச வைக்கும் கணிப்பொறிகள் வந்துவிட்டன. அன்று ஒரு சிரிப்பைத்தான் திருப்பித் திருப்பிப் போட முடிந்தது. இன்று ஒரு குரல் முழுவதையும், அது என்றுமே பேசாததைக்கூடப் பேச வைக்கலாம். அறிவியலின் மீது நமக்குப் பகையில்லை. கருவி யார் கையில், கணக்கு யார் ஏட்டில் என்பதே நம் கேள்வி. அமெரிக்க நடிகர் சங்கம் 2023-இல் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. ஊதிய உயர்வோடு, உருவத்தையும் குரலையும் கணிப்பொறி வழியே படியெடுக்க நடிகரின் இசைவும் அதற்கான ஊதியமும் வேண்டும் என்பதும் அதன் கோரிக்கை. மின்விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் 2024 சூலையில் தனியே போராட்டம் தொடங்கினார்கள். அது 2025-இல் அத்தகைய பாதுகாப்புகளைக் கொண்ட ஒப்பந்தத்தோடு முடிந்தது. பிளாங்க் ஒருவராய் நின்று தமக்கு மட்டும் பெற்றதற்கும், இவர்கள் பலராய் நின்று பலருக்கும் பெற்றதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ?

பிளாங்க் 1988-இல், எண்பதாம் வயதில்கூடத் தம் முயலுக்கும் வாத்துக்கும் ஒரு முழுநீளப் படத்தில் குரல் கொடுத்தார். அடுத்த ஆண்டு சூலை 10 அன்று மறைந்தார். கடைசி வரை அவரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

குரலைத் தொழிலாகக் கொள்ள நினைக்கும் இளைஞர்களுக்கு இந்த வரலாறு தரும் அறிவுரை மிகத் தெளிவானது. காலம் தவறாதே, நேற்றைய குரலை இன்றும் தர முடியும்படி பழகு, சிறு வேலையையும் சீராகச் செய், அழைத்தவனின் அல்லலைக் குறை. அப்போது மறுபடி அழைப்பார்கள். அழைக்கும்போது உன் பெயர் எங்கே என்று கேள். கையெழுத்திடும் தாளில், எத்தனை முறைக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்தக் கருவிக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார். பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனின் தாளையும் பார்.

ஏனெனில், நல்ல குரல் ஒருவனை மறுபடி அழைக்க வைக்கும். மனிதனாக மதித்து அழைக்க வைப்பது, அவனோடு சேர்ந்து ஒலிக்கும் மற்றக் குரல்களே!